தனித்துச் சென்றவன் தனியன் அல்லன்

யாழ்ப்பாணத்திலிருந்து காங்கேசன்துறை நோக்கிச் செல்லும் பெருவீதியில் இணுவிலைக் கடந்து சிறிது தூரம் சென்றால் மருதனார்மடம் வரும். செம்மண் தோட்டங்கள் சூழ்ந்த ஊர் அது. பெண்களின் கல்விக்கெனச் சேர் பொன்னம்பலம் இராமநாதன் 1913ஆம் ஆண்டில் நிறுவிய கல்லூரியால் பெயர் பெற்ற ஊரும் அதுவே. அங்கு நிற்பவனுக்குக் கடல் தெரியாது, அலையோசையும் கேளாது. ஆயினும் அவ்வூர் ஆஞ்சநேயர் ஆலயத்தில் வானளாவ நிற்கும் திருவுருவம், வீதியாற் செல்வோர் அனைவருக்கும் கடல் கடந்த ஒருவனை நாள்தோறும் நினைவூட்டி நிற்கின்றது.

அனுமன் கடல் தாவிய கதையை அறியாதார் நம்மிடையே இலர். இடைவழியில் மைந்நாக மலை கடலினின்றும் எழுந்து, தன்மீது இளைப்பாறிச் செல்லுமாறு அவனை வேண்டியது. அனுமன் அதன் அன்பை ஏற்றானேயன்றி அங்குத் தங்கினான் அல்லன். எடுத்த பயணத்தை இடையில் நிறுத்தலாகாது என்பது அவன் உறுதி. அவன் கடலைக் கடந்தது தன் வலிமையைப் பிறருக்குக் காட்டவும் அன்று. துயருற்ற ஒருத்திக்கு ஆறுதல் கூறவே அவன் சென்றான். எங்கும் தங்காமற் செல்லுதல், பிறர் துயர் துடைக்கச் செல்லுதல் ஆகிய இவ்விரண்டையும் மனத்திற் கொண்டு, நம் காலத்துக் கடலோடி ஒருவரின் வரலாற்றை நோக்குவோம். அவர் இந்தியக் கடற்படையில் அதிகாரியாகக் கடமையாற்றிய அபிலாஷ் டொமி.

பாய்விரித்துப் பெருங்கடல் கடத்தல் நம்மவர்க்குப் புதியதன்று. வல்வெட்டித்துறை ஓடாவிமார் கட்டிய 'அன்னபூரணி' என்னும் பாய்க்கப்பலை, வில்லியம் அல்பேட் றொபின்சன் என்ற அமெரிக்கர் 1930களில் விலைக்கு வாங்கினார். முப்பத்திரண்டரை அடி நீளமேயுள்ள சிறு பாய்ப்படகில் 1928 முதல் 1931 வரை உலகைச் சுற்றிவந்து புகழ் பெற்றவர் அவர். மரத்தின் உரமும் கட்டின் நேர்த்தியும் அறிந்த அத்தகையவரின் உள்ளத்தை வல்வைக் கப்பல் கவர்ந்தது என்றால், அதனைக் கட்டியோரின் திறமைக்கு வேறு சான்று வேண்டியதில்லை. றொபின்சனின் மனைவியின் பெயரைப் பூண்டு, வல்வை மாலுமிகள் பாய் செலுத்த, அக்கப்பல் 1938ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதத்தில் அமெரிக்காவின் குளொஸ்டர் துறைமுகத்தை அடைந்தது. பனை நிழலில் வளர்ந்தோர் அத்திலாந்திக் சமுத்திரத்தைப் பாய்வலியால் கடந்த நிகழ்ச்சி அது.

இதனைப் போன்றதொரு சிறப்பு பம்பாய் நகரத்துத் தச்சர்க்கும் உண்டு. ஆங்கிலேய வணிகக் கப்பல் அதிகாரியான றொபின் நொக்ஸ் ஜோன்ஸ்டன் என்னும் இளைஞர் 1960களின் முற்பகுதியில் தமக்கென ஒரு படகை அங்கே கட்டுவித்தார். முப்பத்திரண்டு அடி நீளம், தேக்கு மரம், கைவாச்சியும் உளியும் கொண்டு செய்த வேலை. பாரசீக வளைகுடாவில் வீசும் காற்றொன்றின் பெயரால் அதற்குச் 'சுஹைலி' என்று பெயரிட்டார். 1968ஆம் ஆண்டில் இலண்டன் பத்திரிகையொன்று, ஒருவர் தனித்து, எங்கும் தங்காது உலகைச் சுற்றிவரும் போட்டியை அறிவித்தபோது அப்படகிலேயே அவர் புறப்பட்டார். போட்டியில் இறங்கியோர் ஒன்பதின்மர். முடித்தவர் அவர் ஒருவரே. 1968 ஜூன் 14ஆம் நாள் புறப்பட்டவர் 312 நாட்களின் பின், 1969 ஏப்பிரல் 22ஆம் நாள் பல்மத் துறைமுகத்தை மீண்டும் அடைந்தார். உலக வரலாற்றில் இதனை முதன்முதற் செய்தவர் அவரே.

அப்போட்டியிற் கலந்துகொண்ட டொனால்ட் குறோகேர்ஸ்ட் என்பவர் வீடு திரும்பவில்லை. அவருடைய படகு மட்டும் ஆளின்றி நடுக்கடலில் மிதக்கக் காணப்பட்டது. மனைவியும் நான்கு பிள்ளைகளும் ஆதரவற்று நின்றனர். நொக்ஸ் ஜோன்ஸ்டன் தமக்குக் கிடைத்த 5,000 பவுண் பரிசுப் பணத்தை அக்குடும்பத்துக்கே வழங்கினார். அவர் ஏற்படுத்திய சாதனை பின்னர் வந்தோரால் நாட்கணக்கில் விஞ்சப்பட்டது. அவர் செய்த இச்செயலை எந்தக் கடிகாரத்தாலும் அளக்க முடியவில்லை. அபிலாஷின் வரலாறு முழுவதிலும் இவ்வுண்மையே திரும்பத் திரும்பத் தோன்றுவதைக் காண்போம்.

இத்தகைய பயணத்தின் விதிகள் எளிமையானவை. கடைப்பிடித்தற்கு மிக அரியவை. புறப்பட்ட துறைக்கே திரும்ப வேண்டும். பூமத்தியரேகையை இருமுறை கடக்க வேண்டும். சூயஸ், பனாமா போன்ற கால்வாய்களின் வழியே செல்லலாகாது. நன்னம்பிக்கை முனை, அவுஸ்திரேலியாவின் லூவின் முனை, தென்னமெரிக்காவின் ஹோர்ன் முனை ஆகிய மூன்றையும் சுற்ற வேண்டும். எத்துறையிலும் ஒதுங்கலாகாது, எவரிடமும் உணவோ நீரோ பெறலாகாது. இம்முனைகளுக்குத் தெற்கே உள்ள சமுத்திரத்தில் மேல்காற்றைத் தடுப்பதற்குப் பெருநிலம் எதுவும் இல்லை. உலகைச் சுற்றித் தடையின்றி ஓடும் காற்று, தன் முன்னே அலைகளை மலைபோற் குவித்துத் தள்ளிச் செல்லும். சோழகக் காற்றின் சினத்தைக் கண்டஞ்சும் நம் கரையோர மக்கள், அதனைப் பன்மடங்காக்கி எண்ணிக்கொள்ளலாம்.

அபிலாஷ் 1979ஆம் ஆண்டில் பிறந்தார். கேரளக் குடும்பம்; தந்தையாரும் கடற்படையைச் சேர்ந்தவர். ஆதலாற் கடற்படைத் தளங்களே அவர் வளர்ந்த இடங்கள். கடற்படையிற் சேர்ந்து கடற்பரப்பைக் கண்காணிக்கும் விமானங்களைச் செலுத்தும் விமானியானார். அக்காலத்தில், ஓய்வு பெற்ற துணை அட்மிரல் மனோகர் அவதி என்னும் முதியவர் ஓர் எண்ணத்தை விடாது வற்புறுத்தி வந்தார். இந்தியாவிற் கட்டிய படகில் இந்தியர் ஒருவர் தனித்து உலகை வலம் வர வேண்டும் என்பதே அவ்வெண்ணம். 'சாகர் பரிக்கிரமா' என அதற்குப் பெயர் அமைந்தது. கோயிலை வலம் வருவது போன்று கடலை வலம் வருதல் என்பது அதன் பொருள்.

அவ்வலத்தை முதலில் நிறைவேற்றியவர் டிலிப் டொண்டே என்னும் கடற்படை அதிகாரி. கோவாவில் இரத்னாகர் தண்டேகர் என்பவரின் படகுத் தளத்தில் கட்டப்பட்ட ஐம்பத்தாறு அடி நீளமுள்ள 'மாதேய்' என்னும் படகில், நான்கு துறைகளில் மட்டும் தங்கி, 2009-2010ஆம் ஆண்டுகளில் அவர் உலகைச் சுற்றி வந்தார். அப்பயணத்திற் கரையில் நின்று அவருக்குத் துணை புரிந்தவருள் அபிலாஷும் ஒருவர். துறைதோறும் சென்று காத்திருந்து, கிழிந்த பாயைத் தைத்து, தேய்ந்த கயிற்றை மாற்றி, உணவை ஏற்றி அனுப்பும் வேலை அது. முதல்வனாகப் புகழ் பெறுமுன் துணைவனாக நின்று தொழில் கற்றவர் அவர். மாணாக்கர்க்கு இது நல்லதொரு பாடம்.

2012 நவம்பர் 1ஆம் நாள் அதே 'மாதேய்' படகில் அபிலாஷ் மும்பையினின்றும் தனியே புறப்பட்டார். இம்முறை எங்கும் தங்குவதில்லை என்பது முடிவு. 2013 ஜனவரி 26ஆம் நாள் ஹோர்ன் முனையைச் சுற்றினார். 2013 மார்ச் 31ஆம் நாள் மும்பையை மீண்டும் அடைந்தார். ஐந்து மாதங்கள், 23,000 கடல் மைலுக்கும் அதிகமான தொலைவு. தனித்தும் தங்காதும் உலகைச் சுற்றிய முதல் இந்தியர் என்னும் பெருமை அவருக்கு உரியதாயிற்று. குடியரசுத் தலைவராயிருந்த பிரணாப் முகர்ஜி மும்பையில் அவரை வரவேற்றார். இந்திய அரசு கீர்த்தி சக்கர விருதை வழங்கியது.

இத்துடன் வரலாறு முடிந்திருப்பின் அது வெற்றியின் கதை மட்டுமே. அவருடைய வாழ்க்கைக்கு ஆழத்தைத் தந்தது அடுத்து வந்த தோல்வியே.

1968ஆம் ஆண்டுப் போட்டியின் ஐம்பதாம் ஆண்டு நிறைவையொட்டி, 2018ஆம் ஆண்டில் அதே போட்டி மறுபடியும் நடத்தப்பட்டது. நொக்ஸ் ஜோன்ஸ்டன் காலத்துக் கருவிகளையே கொண்டு செல்ல வேண்டும் என்பது நிபந்தனை. செய்மதி வழிகாட்டி கூடாது. மின்சாரத்தால் இயங்கும் தன்னியக்கச் சுக்கான் கூடாது. நண்பகலிற் சூரியனின் உயரத்தைக் கோணமானியால் அளந்து, தாம் பூமத்தியரேகைக்கு எவ்வளவு தெற்கே உள்ளோம் என்பதைக் கணிக்க வேண்டும். பிழையாத கடிகாரத்தின் துணைகொண்டு கிழக்கு மேற்குத் தூரத்தை அறிய வேண்டும். கணித்ததைக் கடதாசிப் படத்திற் பென்சிலாற் குறிக்க வேண்டும். விண்மீன் பார்த்துக் கடலோடிய வல்வைத் தண்டையல்மார் இம்முறையைக் கண்டிருப்பின் வியந்திருக்கமாட்டார்கள்.

அபிலாஷ் 'சுஹைலி'யின் வடிவிலேயே ஒரு படகைக் கோவாவிற் கட்டுவித்தார். அதற்குத் 'துரியா' என்று பெயரிட்டார். சைவ நூல் கற்றோர்க்கு அச்சொல் புதியதன்று. நனவு, கனவு, உறக்கம் என்னும் மூன்றினையும் கடந்த நான்காம் நிலையே துரியம். றொபின்சன் உலகைச் சுற்றிய சிறு படகின் பெயர் 'ஸ்வாப்'. வடமொழியிற் கனவு என்னும் பொருளது அது. கனவிலிருந்து துரியம் வரை, தனிமையில் கடலோடுவோர் தேடுவது நிலப்படத்தில் இல்லாத ஏதோ ஓர் இடத்தை என்று எண்ணத் தோன்றுகின்றது.

2018 ஜூலை 1ஆம் நாள் பிரான்சின் லே சாப்ல் டொலோன் துறையினின்றும் போட்டி தொடங்கியது. செப்டெம்பர் மாதத்தில் அபிலாஷ் மூன்றாம் இடத்தில் இருந்தார். அம்மாதம் 21ஆம் நாள், இந்து சமுத்திரத்தின் தென்கோடியில் பெரும் புயல் அவரைச் சூழ்ந்தது. மணிக்கு 130 கிலோமீற்றர் வேகக் காற்று. 14 மீற்றர் உயர அலைகள். படகு புரண்டது, பாய்மரம் முறிந்தது. பாய்மரத்தினின்றும் கீழே வீழ்ந்த அபிலாஷின் முதுகெலும்பு உடைந்தது. எழுந்து நிற்க இயலாதவராய்ப் படகின் உட்புறம் ஊர்ந்து சென்று, தமக்கு நேர்ந்ததைக் கருவி மூலம் சிறு செய்தியாக அறிவித்துவிட்டுப் படுத்தார். அவுஸ்திரேலியாவின் பேர்த் நகரம் ஏறத்தாழ 1,900 கடல் மைல் தொலைவில் இருந்தது. உண்டது வயிற்றில் தங்கவில்லை, கால்கள் அசையவில்லை. தனித்து வந்தவர் இப்போது உண்மையிலேயே தனியராய்க் கிடந்தார்.

அவ்வாறு தோன்றியதேயன்றி அவர் தனியராய் இருக்கவில்லை. அவுஸ்திரேலிய மீட்பு நிலையம் பணியை ஒழுங்குபடுத்தியது. இந்தியக் கடற்படை விமானமொன்று மொறீசியசிலிருந்து பறந்து சென்று, முறிந்த மரத்துடன் உருண்டுகொண்டிருந்த படகைக் கண்டது. அவுஸ்திரேலியப் போர்க்கப்பலும் 'சத்புரா' என்னும் இந்தியப் போர்க்கப்பலும் விரைந்தன. கிறகர் மக்கக்கின் என்னும் ஐரிஷ் நாட்டவர் அபிலாஷின் போட்டியாளர். அதே புயல் அவருடைய பாய்மரத்தையும் முறித்திருந்தது. தாமே மீட்கப்பட வேண்டிய நிலையில் இருந்தும், எஞ்சிய தடிகளிற் சிறு பாயைக் கட்டிக்கொண்டு அபிலாஷ் கிடந்த திசை நோக்கியே அவர் சென்றார். செப்டெம்பர் 24ஆம் நாள் 'ஒசிரிஸ்' என்னும் பிரெஞ்சு மீன்வளக் காவற்கப்பல் முதலில் வந்து சேர்ந்து அபிலாஷைத் தூக்கி எடுத்தது. பின்னர் மக்கக்கினையும் ஏற்றிக்கொண்டது. அம்ஸ்ரடாம் என்னும் சிறு தீவில் முதற் சிகிச்சை நடைபெற்றது. அங்கிருந்து 'சத்புரா' அவரை இந்தியாவுக்குக் கொணர்ந்தது. 'துரியா' கடலிலேயே கைவிடப்பட்டது.

இவ்விடத்தில் அறிவுடையோர் ஒரு வினாவை எழுப்புவர். ஒருவருடைய ஆசைக்காக இத்தனை நாடுகளின் கப்பல்களும் விமானங்களும் அலைய வேண்டுமா? பிழைப்புக்காகக் கடலுக்குச் செல்லும் மீனவன் காணாமற் போனால் இவ்வளவு பேர் தேடுவரா? இவ்வினா நியாயமானதே. கரையில் விளக்கேற்றி வைத்துத் திரும்பாத தோணிக்காகக் காத்திருந்த வீடுகள் நம் கரையோரம் எங்கும் உண்டு. அவர்களின் துயரை அறிந்தவர் எவரும் இவ்வினாவை இலேசாகத் தள்ளிவிடார். ஆனால் இதற்குரிய விடை, ஒருவரைத் தேடாது விடுவதன்று. எவரையும் தேடாது விடாமையே. கடலில் துயருற்றவனின் நாடு, செல்வம், நோக்கம் எவையும் கேளாது உதவ வேண்டும் என்பது உலக நாடுகள் ஏற்ற சட்டம். சட்டம் எழுதப்படுமுன்னரே அது கடலோடிகளின் வழக்கமாக இருந்தது. அவ்வழக்கம் பெரியோர்க்கும் எளியோர்க்கும் ஒரே அளவாக நடைபெற வேண்டும் என்று கேட்பதே முறை.

அபிலாஷ் தமக்குச் செய்யப்பட்ட உதவிக்கு எவ்வாறு ஈடு செய்தார்? அவ்விடை நான்கு ஆண்டுகளின் பின் கிடைத்தது.

சத்திரசிகிச்சையில் அவருடைய முதுகில் டைட்டேனியம் உலோகத் தண்டு பொருத்தப்பட்டது. ஐந்து முள்ளெலும்புகள் ஒன்றாக இணைக்கப்பட்டன. நடக்க மறுபடியும் கற்றார். பின்னர் விமானத்தையும் செலுத்தினார். 2021ஆம் ஆண்டிற் கடற்படையினின்றும் ஓய்வு பெற்றார். 2022 செப்டெம்பர் 4ஆம் நாள் அதே பிரெஞ்சுத் துறையினின்றும் அதே போட்டியில், 'பயானத்' என்னும் முப்பத்தாறு அடிப் படகில், மறுபடியும் புறப்பட்டார். புறப்பட்டோர் பதினாறு பேர்.

நவம்பர் 18ஆம் நாள், தப்பியோ லெத்தினன் என்னும் பின்லாந்துக்காரரின் படகு தென்னாபிரிக்காவுக்குத் தென்கிழக்கே சில நிமிடங்களில் மூழ்கிற்று. அவர் காற்றடைத்த மிதவையில் ஏறிக் கிடந்தார். அண்மையில் இருந்த போட்டியாளர் இருவர். ஒருவர் தென்னாபிரிக்கப் பெண்மணியான கேர்ஸ்டன் நொய்ஷேபர், மற்றவர் அபிலாஷ். செய்தி கிடைத்ததும் இருவரும் போட்டியை மறந்து படகைத் திருப்பினர். அருகில் இருந்த கேர்ஸ்டன் இரவெல்லாம் சுக்கான் பிடித்துச் சென்று, மறுநாட் காலையில் லெத்தினனை மீட்டு, அவ்வழி வந்த சரக்குக் கப்பலில் ஏற்றிவிட்டுத் தம் வழியே சென்றார். மீட்பு நிறைவேறிய செய்தியை அறிந்த பின்னரே அபிலாஷ் தம் பாயைப் பழைய திசைக்கு மாற்றினார். 2018ஆம் ஆண்டில் ஒருவர் தமக்காகப் படகைத் திருப்பினார்; 2022இல் தாம் மற்றொருவருக்காகத் திருப்பினார். கடலின் கடன் இவ்வாறே தீர்க்கப்படுகின்றது. தந்தவரிடமே திருப்பிக் கொடுக்கும் கடன் அன்று அது. அடுத்துத் துன்புறுவோர்க்குக் கொடுக்கும் கடன்.

எஞ்சிய வழி எளிதாயிருக்கவில்லை. காற்றின் திசைக்கேற்பப் படகைத் தானே செலுத்தும் பொறி பலமுறை உடைந்தது; படகின் உள்ளிருந்த பலகைகளையே அறுத்து அதனைப் பழுது பார்த்தார். பாய்கள் கிழிந்தன, தைத்தார். 2023 ஏப்பிரல் 27ஆம் நாள் கேர்ஸ்டன் முதலாவதாகத் துறையை அடைந்தார். இத்தகைய தனியர் உலகச் சுற்றுப் போட்டியில் வென்ற முதற் பெண் அவரே. 29ஆம் நாள், 236 நாட்களின் பின், இரண்டாவதாக அபிலாஷ் வந்து சேர்ந்தார். பதினாறு பேருள் எங்கும் தங்காது சுற்றி முடித்தோர் மூவர் மட்டுமே. எழுந்து நிற்க இயலாது கடலில் ஊர்ந்த ஒருவர், தம் காலில் நின்று கயிறு பிடித்துக் கரைக்கு வந்தார். இப்போட்டியை நிறைவு செய்த முதல் இந்தியர் அவரே.

அவருடைய பணி அத்துடன் நின்றுவிடவில்லை. இந்தியக் கடற்படையின் பெண் அதிகாரிகள் இருவருக்கு அவர் ஆசானாய் அமைந்து பயிற்சி அளித்தார். ஒருவர் கோழிக்கோட்டைச் சேர்ந்த டில்னா. மற்றவர் புதுச்சேரியைச் சேர்ந்த ரூபா அழகிரிசாமி. அவ்விருவரும் 'தாரிணி' என்னும் பாய்ப்படகில் 2024 ஒக்டோபர் 2ஆம் நாள் கோவாவினின்றும் புறப்பட்டு, நான்கு துறைகளில் மட்டும் தங்கி, ஹோர்ன் முனையைச் சுற்றி, 2025 மே 29ஆம் நாள் கோவாவுக்கு மீண்டனர். டொண்டேக்குக் கயிறு மாற்றிக் கொடுத்த துணைவன், தானே சென்று மீண்டு, பின்னர் மற்றோர்க்கு வழி காட்டும் ஆசானானான். கல்வியின் வழியும் இதுவேயன்றோ?

சாதனைகள் முறியடிக்கப்படுவதற்கென்றே ஏற்பட்டவை. 312 நாட்கள் என்பது ஒரு காலத்தில் உலகை வியக்கச் செய்த கணக்கு. இன்று அது பழங்கணக்கு. அபிலாஷின் கணக்கும் ஒரு நாள் பழையதாகும். பழையதாகாதவை வேறு சில. இறந்தவனின் பிள்ளைகளுக்குப் பரிசைக் கொடுத்த கை, முறிந்த மரத்திற் பாய் கட்டிக்கொண்டு போட்டியாளனைத் தேடிச் சென்ற உறுதி, வெற்றியை மறந்து சுக்கானைத் திருப்பிய நெஞ்சம் என்பன அவை.

மருதனார்மடத்து வீதியில் மரக்கறி மூடைகளுடன் செல்லும் உழவரும், புத்தகப் பையுடன் செல்லும் மாணவியரும் அனுமனின் திருவுருவை அண்ணாந்து பார்த்துச் செல்கின்றனர். அவன் தனித்தே கடல் கடந்தான். ஆயினும் கரையில் காத்திருந்தோரின் நம்பிக்கையும், மறுகரையில் வாடியிருந்தவளின் துயரும் அவனுடன் சென்றன. தனித்துச் செல்பவன் எவனும் தனியன் அல்லன் என்பதை அவ்வுருவம் சொல்லாமற் சொல்லி நிற்கின்றது.